மார்செய் துறைமுகத்தில் நாலு கை

வெள்ளக்கோயிலில் காலை நடைச் சங்கம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் நாலே பேர். விடிகாலையில் நடக்கத் தொடங்குவார்கள், முதல் டீக்கடை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான். எதைச் செய்வதானாலும் நாலு பேரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. வடையா போண்டாவா என்று முடிவாகாமல் வெறும் டீயோடு எழுந்துபோன நாட்கள் எத்தனையோ. அப்பேர்ப்பட்ட அறிவாளிகள் ஐரோப்பாவுக்குக் கப்பல் சுற்றுலா போனார்கள். அந்தத் தீர்மானம் நிறைவேற ஆறு வருஷம்தான் ஆயிற்று.

பிரான்சின் தென்கரையில் மார்செய் என்ற ஊரில் கப்பல் ஒரு பகல் நிற்கும். காலை எட்டு மணிக்கு இறங்கலாம், மாலை ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். உறுப்பினர் அவிநாசியப்பன் கப்பல் ஏறியதே இந்த ஒரு பகலுக்காகத்தான். அவர் மகள் பிருந்தா துலூஸ் நகரத்தில் குடியிருக்கிறாள். நாலு மாதப் பேரனை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். பத்து மணிக்குக் குழந்தையோடு ரயிலில் வந்து, ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தாள். அவனை ஒரு தடவை கையில் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் மனுஷனுக்கு ஆசை.

வழிகாட்டி கோகுல் முந்தின நாளே படித்துப் படித்துச் சொன்னார்: "விலை ஒசந்த சாமானெல்லாம் ரூம் பெட்டகத்துல பூட்டிருங்க. கூட்டத்தை விட்டு யாரும் பிரியாதீங்க. எங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டு எறங்குங்க." யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

முதலில் நாலு போனும் பெட்டகத்துக்குள் போயின. அடுத்து நாலு கைக்கடிகாரம். கடைசியில் நாலாவது உறுப்பினர் பொங்கியண்ணன் தன் பல்செட்டைக் கழற்றி வைத்தார். அவரிடம் அதைவிட விலை உயர்ந்தது வேறு இல்லை.

காலை எட்டு மணிக்குக் கப்பலின் வாசலில் கூட்டம் கூடியது. முடிவு பண்ணிவிட்டுத்தானே இறங்க வேண்டும்? ஆகவே யாரும் வாசலைத் தாண்டவில்லை. மற்ற பயணிகள் இவர்களை இடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

"மலை மேல ஒரு கோயில் இருக்குதாமா. ஊரே தெரியுமாமா," என்றார் தலைவர் நாச்சிமுத்து.

"பழநி மலையில நீங்க விஞ்சுலதான் போவீங்க. இங்க மட்டும் ஏறுனா முருகன் என்ன நெனைப்பாரு?" என்றார் செயலாளர் தெய்வசிகாமணி. நியாயமான கேள்வி. மலை தோற்றது.

"பக்கத்து ஊருல தெருவுக்குத் தெரு நீரூத்து இருக்குதாமுங்க," என்றார் செயலாளர்.

"நம்மூருல குழாய் ஒடைஞ்சாலும் அப்படித்தான் பீச்சுது. அதுக்கு இத்தனை தூரம் வரோணுமா?" என்றார் தலைவர். நீரூற்றும் தோற்றது.

அவிநாசியப்பன் முன்னால் வந்தார். "பழைய தொறைமுகத்துல என்ற பேரனைப் போய்ப் பாக்கலாமுங்க."

"வெள்ளக்கோயில்ல இல்லாத கொழந்தையா?" என்றார் தலைவர். பேரனும் தோற்றான். தனியாகப் போகலாம் என்றால், கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாதே.

மத்தியானம் இடைவேளை விட்டுச் சாப்பிட்டார்கள். திரும்பக் கூடியபோது துறைமுக வேலிக்கு அப்பால் பிருந்தா நின்றுகொண்டிருந்தாள். நாலு மணி நேரம் காத்திருந்து, போனை எடுக்க ஆளில்லாமல், பயந்துபோய்க் குழந்தையோடு இங்கேயே வந்துவிட்டாள். அவிநாசியப்பன் கண் கலங்கி மறுபடி தன் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மகளைப் பார்த்ததும் தலைவருக்கும் செயலாளருக்கும் மனசு இளகிக் கை உயர்ந்தது. பல்லை எடுத்துவர அனுமதி கேட்கப் பொங்கியண்ணனும் கை தூக்கினார். நாலு கை என்று செயலாளர் நோட்டில் எழுதிவிட்டார்.

அவிநாசியப்பன் வேலியை நோக்கி ஓடினார். தலைவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க ஓடறீங்க? பழைய தொறைமுகத்துல பாக்கறதுன்னுதான தீர்மானம். இது புதுத் தொறைமுகம்." பிறகு வேலிப்பக்கம் பார்த்துக் கத்தினார். "அம்மிணி, நீ டாக்சி புடிச்சு அங்க போய் நில்லு. நாங்க பஸ்ஸுல வந்து பாக்கறோம்."

பிருந்தா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

பழைய துறைமுகத்தில் இவர்கள் போய் இறங்கும்போது மணி நாலு. பிருந்தா குழந்தையை நீட்டினாள். "அப்புச்சிகிட்டப் போ சாமி."

அவிநாசியப்பன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "பாக்கறதுக்குத்தான் கண்ணு தீர்மானம். தூக்கறதுக்குப் போடலியே."

"அப்ப நீங்களே பேசி முடிங்க பெரியப்பா. காத்தால இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல." குழந்தையைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு ரொட்டிக் கடைக்குப் போய்விட்டாள்.

அவிநாசியப்பன் தன் பேரனைத் தூக்கலாமா என்பது தீர்மானம். மூன்று கை உயர்ந்தது. தலைவர் கையில் குழந்தை. குழந்தையைச் செயலாளரிடம் கொடுத்தார், செயலாளர் கை குறைந்தது. பொங்கியண்ணனிடம் போனது, அவர் கை குறைந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஆள். அவிநாசியப்பன் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, மற்ற மூவரும் கை தூக்கினார்கள்.

"மூணுதான் வருது. அவிநாசி கொழந்தையைத் தூக்கற தீர்மானம் தோத்துப்போச்சு," என்றார் தலைவர் வருத்தத்தோடு.

பேரனைத் தோளில் போட்டிருந்த அவிநாசியப்பன் அழுதேவிட்டார். "எனக்குக் குடுத்து வைக்கலீங்க."

அப்போது குழந்தை முஷ்டியை மேலே தூக்கியது.

"அதா, நாலாவது கை," என்றார் செயலாளர்.

தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டுப் போடப் பதினெட்டு வயசு முடியோணும். அதுக்கப்பறம் எண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் கொழந்தை யாருகிட்ட இருக்கறது?" என்றார் செயலாளர்.

"எங்க வாய்க்கா வழக்குல கோர்ட்டுல சொன்னாங்க, தீர்ப்பு வர்ற வரைக்கும் எது எப்படி இருக்குதோ அப்படியே இருக்கோணும்னு. அவிநாசி, அசையாம அப்படியே இருங்க," என்றார் தலைவர்.

அவிநாசியப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பேரனை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கூட்டத்தை விட்டுப் பிரியாமல் மற்ற மூவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் கப்பல் ஊதியது.

பிருந்தா ரொட்டியோடு ஓடிவந்தாள். "பெரியப்பா, கப்பல் கெளம்புது, கேக்கலியா?"

"கெளம்பட்டும் அம்மிணி," என்று தலைவர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "இன்னும் பதினேழு வருசம் எட்டு மாசந்தான்."