தாய்மாமன் ஆன கறி

கள்ளிப்பாறைக் காட்டில், ஆவாரங்குளத்துக் கரையில், சடையன் என்ற நரி குடும்பத்தோடு குடியிருந்தான். பெண்டாட்டி பேச்சி. பிள்ளை சுள்ளான். சடையனுக்கு வாய் நீளம், கால் குட்டை. அவன் துரத்துகிற முயல் வீடு போய்ச் சேர்ந்து ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிடும். அவன் அப்போதுதான் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான்.

“இன்னிக்கும் நண்டுதானா? குளத்து நண்டைத் தின்னு தின்னு பிள்ளை பக்கவாட்டில நடக்குறான், பாருங்க!” என்றாள் பேச்சி.

சுள்ளான் உண்மையிலேயே பக்கவாட்டில் நடந்து வெளியே போனான்.

“இனிமே ஓடிப் பிடிக்கிற வேலையே கிடையாது! முயலை வீட்டிலேயே வளர்க்கப் போறேன். வேணுங்கிறப்போ கூண்டைத் திறந்தா, குடும்பத்துக்குக் கறி!” என்றான் சடையன்.

மறுநாள் மழை. ஒரு புதரில் ஒதுங்கியிருந்த முயல் ஜோடியை அப்படியே அமுக்கிக் கொண்டுவந்தான். மூங்கிலில் கூண்டு கட்டி உள்ளே விட்டான். ஆண் முயலின் பெயர் செவியான்.

“பயப்படாதீங்க! இப்போ தின்ன மாட்டேன். நல்லாத் தின்னுங்க, நிறையப் பெத்துப் போடுங்க. சுள்ளான் காதுகுத்துக்குக் காட்டுக்கே முயல் கறி விருந்து வைக்கிறேன். முதல் குழம்பு நீதான்!” என்றான் சடையன், விருந்தாளிக்கு இடம் காட்டுகிற மாதிரி.

செவியானின் பெண்டாட்டி மயங்கி விழுந்தாள். செவியான் ஒரு காதை மடக்கினான், ஒரு காதை நிமிர்த்தினான். யோசித்தான். அந்த நேரம் பார்த்துப் பேச்சி ஒரு கை புல்லோடு வந்தாள்.

“அக்கா! புல்லு ஈரமா இருக்கே. ஈரப்புல் தின்னா எங்களுக்கு வயிறு ஊதிடும். கொஞ்சம் உலர்த்திப் போடுங்கக்கா!”

பேச்சி அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஒற்றைப் பிள்ளை. கூடப் பிறந்தவர் யாருமில்லை. அந்தக் காட்டில் அவளைப் பார்த்தவர்கள் ஓடினார்களே தவிர, ஒருவரும் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“யாரைடா அக்காங்கிற?”

“உங்களைத்தான்! கூடப் பிறந்தாத்தான் அக்காவா?”

புல் உலர்ந்தது. அடுத்த நாள் புல்லே மாறி வேலிமசால் தழை ஆனது. அதற்கடுத்த நாள் முருங்கைக்கீரை.

“மச்சான்! கூண்டு ஒழுகுது!” என்று செவியான் சடையனையும் கூப்பிட ஆரம்பித்தான்.

சடையன் சிரித்தான். “கூப்பிட்டா கூப்பிடட்டும். கறி பேசினா ருசி கெட்டா போகும்?”

ஆனால் நாக்கு இருக்கிறதே, அது கேட்டதைப் பேசும். கொஞ்ச நாளில் சடையனே கூண்டுக்குள் தலையை நீட்டி, “மாப்ளே, கீரை போதுமா? இன்னும் கொஞ்சம் ஒடிச்சிட்டு வரவா?” என்று கேட்டான். சுள்ளான் விடிந்தால் “மாமா, மாமா” என்று கூண்டையே சுற்றி வந்தான்.

முயல் குடும்பம் பெருகியது. சடையன் ஒரு தடவை தும்மி நிமிர்வதற்குள் ஒரு ஈற்று முடிந்திருக்கும். அத்தனை வாய்க்கும் புல் அறுத்தே அவன் முதுகு வளைந்தது. தலையில் புல்லுக்கட்டோடு அவன் நடந்தால், எருமைகள் வரிசை கட்டிப் பின்னால் வந்தன.

“பசி தாங்கலை பேச்சி. ஒரே ஒரு குட்டியை மட்டும்...”

“அதெல்லாம் முடியாது! காதுகுத்துக்குன்னு காடு பூரா சொல்லிட்டு வந்தீங்கல்ல? நண்டைத் தின்னுங்க!”

காதுகுத்து நாளும் வந்தது. காட்டுப்பூனை வந்தது, கரடி வந்தது. காட்டுக்கு மூத்தவர், கூனன் என்ற கழுதைப்புலி, வாயைத் துடைத்துக்கொண்டே வந்து முதல் ஆளாக உட்கார்ந்தார். தேக்கிலை போட்டாயிற்று. அடுப்பில் உலை கொதித்தது. சடையன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கூண்டுக்குள் செவியான் இரண்டு காதையும் நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காது குத்துகிற ஆசாரி மரங்கொத்தி. வந்ததும் மூக்கைக் கல்லில் தேய்த்துவிட்டுக் கேட்டார்.

“பிள்ளையோட தாய்மாமன் எங்கே? மாமன் மடியில உட்காராத பிள்ளைக்கு நான் காது குத்த மாட்டேன்!”

“அவளுக்குத்தான் கூடப் பிறந்தவங்களே இல்லையே!” என்றான் சடையன்.

“என் மாமா கூண்டுல இருக்காரே!” என்று கத்தினான் சுள்ளான்.

“நான் இங்கேதான் இருக்கேன்க்கா! யாராவது கூப்பிடுவாங்கன்னுதான் காத்திருக்கேன்!” என்றான் செவியான்.

“அது மாமா இல்லை! அது கறி!” என்று சடையன் அலறினான்.

கூனன் கழுத்தைத் திருப்பினார்.

“ஏம்ப்பா சடையா, ‘மாப்ளே, கீரை போதுமா’ன்னு நீ கேட்டதை நானே என் காதால கேட்டேன். பெண்டாட்டியோட தம்பியைக் குழம்பு வைக்கிற வழக்கம் எந்தக் காட்டுலடா இருக்கு?”

“தூ!” என்றது கரடி.

பேச்சி யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கூண்டைத் திறந்தாள். செவியான் துண்டை உதறுகிற மாதிரி காதை உதறிக்கொண்டு வெளியே வந்தான்.

“தாய்மாமன் வெறுங்கையோட வரலாமா மச்சான்? சீர் கொண்டுவரணும். தட்டு தூக்க ஆள் வேணும். என் குடும்பத்தையும் விடுங்க!”

மொத்த முயலும் அருகம்புல் தட்டுகளோடு ஊர்வலமாக வந்தது. சுள்ளான் மாமன் மடியில் உட்கார்ந்தான். மாமன் காணாமல் போனார். பிள்ளையின் பின்னாலிருந்து இரண்டு நீளக் காதுகள் மட்டும் எட்டிப் பார்த்தன.

“நாலு காது தெரியுதே, எதுல குத்தணும்?” என்று குழம்பினார் மரங்கொத்தி.

“குட்டையா இருக்கிறதுல ஆசாரி, குட்டையா இருக்கிறதுல!” என்று அடியிலிருந்து மூச்சு முட்டக் குரல் வந்தது.

காது குத்தியாயிற்று. முதல் இலை தாய்மாமனுக்கு. மாமன் என்ன சாப்பிடுவாரோ அதுதான் பந்தி. சடையன் தீட்டிய கத்தியால் கீரை நறுக்கினான், கண்ணில் தண்ணீரோடு. கூனன் ஒரு வாய் முருங்கைக்கீரையை வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, விழுங்க இடம் தெரியாமல் கன்னத்திலேயே வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்துச் செவியான் எழுந்தான்.

“வரேன்க்கா. வரேன் மச்சான். சுள்ளானுக்கு வெளியில பொண்ணு தேடாதீங்க. என் மக இருக்கா, முறைப்பொண்ணு!”

“முயல் பொண்ணா? என் வீட்டு மருமகளா?” சடையன் கத்தியைக் கீழே போட்டான்.

“முறையை விட முடியுமாப்பா?” என்றார் கூனன், கீரை நிறைந்த வாயோடு.

“என் தம்பி மக, நான்தான் எடுப்பேன்!” என்றாள் பேச்சி. அந்தக் கத்தியை எடுத்துச் சடையன் கையிலேயே கொடுத்தாள். “மசமசன்னு நிக்காதீங்க. தம்பி வழியில சாப்பிட இன்னும் ரெண்டு கட்டு கீரை அறுத்துக் கொடுங்க!”

யாரை அடித்துத் தின்ன நினைக்கிறோமோ, அவனை அக்கா, மச்சான் என்று உறவு கொண்டாட விட்டால், கடைசியில் அவனுக்கு இலை போட்டுப் பரிமாறித்தான் ஆகவேண்டும்.