வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க

செத்துப்போன டாக்டர்களுக்கென்று ஒரு சுவரையே ஒதுக்கி வைத்திருந்த ஊர் ஒன்று தென்காசிப் பக்கம் இருந்தது. வியாபாரிகள் சங்க மண்டபத்தின் வடக்குச் சுவர் அது. கூண்டு வண்டியில் போய்க் காலரா பார்த்த டாக்டர் அதில் இருந்தார். ஊரில் பாதிப்பேருக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, தனக்கென்று ஒரு பிள்ளை இல்லாமல் போய்ச் சேர்ந்த டாக்டரம்மா இருந்தார். படம் ஏற ஒரே நிபந்தனைதான். திறப்புக்கு முன் சங்கத் தலைவர் எழுந்து, "யாருக்கும் மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்பார். ஒருவர் உண்டு என்றாலும் படம் வந்த வழியே திரும்பிவிடும். கேட்பதெல்லாம் சடங்குக்குத்தான். செத்தவர் மேல் யார் எழுந்து குறை சொல்லப் போகிறார்கள்? அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த ஐப்பசியில் டாக்டர் அருமைநாயகத்தின் படம் வந்தது. மனிதர் கெட்டிக்காரர், ஆனால் பேச்சில் மகா கஞ்சர். ஊசி கேட்டால் "வேண்டாம்" என்பார். ஏன் என்று கேட்டால் அதற்கும் "வேண்டாம்"தான். மழையென்றும் பாராமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு தேடிப் போவார். அவரிடமே நர்ஸாக இருந்து தலை நரைத்தவள் எஸ்தர். படத்துக்கு மாலை கட்டி வந்தவளும் அவள்தான்.

தலைவர் வழக்கம்போலக் கேட்டார்.

"எனக்கு இருக்கு" என்று கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள் உலகம்மாள். "டி.பி. வந்த எம் புருஷனை இவரு கைவிட்டுட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னுட்டாரு. அதே சீக்கு வந்த எந்தம்பி பெரியாஸ்பத்திரியில பிழைச்சு, இன்னைக்கு டிராக்டர் ஓட்டுதான். தன்னால முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் அங்க தூக்கிட்டு ஓடியிருப்பேனே!"

நடந்தது என்னவென்று தெரிந்தவள் இப்போது எஸ்தர் ஒருத்திதான்.

உலகம்மாளின் புருஷன் ஆவுடையப்பன் அன்றைக்கு உண்மையில் தேறிவிட்டிருந்தான். டாக்டருக்குச் சந்தோஷம். "இனி இங்க வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதெல்லாம் குடுங்க" என்றார். மாத்திரைப் பொட்டலத்தை எஸ்தர்தான் கொடுத்தாள். டாக்டர் வாயிலிருந்து இந்த இரண்டு பேச்சும் சேர்ந்து வந்தால் நம் பக்கம் என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவ்வளவு படித்த மனிதருக்கு அன்று அது உறைக்கவில்லை, பாவம்! உலகம்மாள் வாயைப் பொத்தி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எஸ்தர் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போன உலகம்மாள் கோழியடித்துக் குழம்பு வைத்தாள், அல்வா வாங்கிக் கொடுத்தாள். போகிற உயிரை எதற்குக் கசப்பால் வதைப்பது என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டாள். சீக்கு திரும்பி, ரத்தமாகக் கக்கி, ஆள் போய்விட்டான்.

எஸ்தரோடு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போன டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கதறினாள்: "நீங்க சொன்னபடியே ஆசைப்பட்டதெல்லாம் குடுத்தேனே டாக்டரய்யா! அந்தக் கசப்பு மாத்திரையைக்கூட நிறுத்திட்டேனே!"

தான் சொன்னதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. "நீ செஞ்சதெல்லாம் சரிதாம்மா. என்னாலதான் முடியாமப் போச்சு" என்றார். வெளியே வந்ததும், "எஸ்தர், அந்தப் புள்ளைக்கு இது எந்தக் காலத்திலயும் தெரியக்கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

அருமைநாயகத்துக்குக் கைராசி போய்விட்டது என்று ஊர் பேசியது. கூட்டம் குறைந்தது. மனிதர் மறுபேச்சே பேசவில்லை. ஆனால் அதன்பின் யாரை வீட்டுக்கு அனுப்பினாலும், "பிழைச்சாச்சு, மாத்திரையை நிறுத்தக்கூடாது" என்று சொல்லி, வாத்தியார் மாதிரி அதைத் திரும்பச் சொல்லவும் வைத்தார். டாக்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள்.

மண்டபத்தில் டாக்டரின் மகள் ஜெயசீலி எஸ்தரின் கையைப் பிடித்தாள். "நீங்க சொல்லுங்கத்தை. அப்பா ஒருத்தரைக் கைவிடுறவரா?"

சொல்லிவிடலாம் என்று எஸ்தருக்கு நாக்கு நுனி வரை வந்தது. எதிரே உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா" என்றாள் எஸ்தர்.

ஜெயசீலி அவள் கையை உதறினாள். அப்பாவின் படத்தைத் தானே எடுத்து, சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

கேட்டீர்கள் அல்லவா, இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் மனம் உடையாமலிருக்கப் பொய் சொன்னார் டாக்டர். மனதில் கிடந்ததைச் சபையில் சொன்னாள் உலகம்மாள். கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டாள் எஸ்தர். இதில் யார் செய்தது சரி?

விடை: உலகம்மாளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டரின் பொய்யில் பாதி இரக்கம், பாதி பயம். "நான் சொன்ன விதம் தப்பு" என்று அன்றே அவர் ஒத்துக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் போனபின் எஸ்தர் வாயால் வந்தால், உலகம்மாளின் காதில் அது "நீதான் கொன்றாய்" என்றுதான் விழும். ஆகவே எஸ்தர் செய்ததே சரி. அதற்காக அவளை யாரும் மெச்சவில்லை. ஜெயசீலி கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் உலகம்மாள், "அந்த ஆளுகிட்ட இருந்தவதானே நீ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எஸ்தர் ஓரமாக ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விடுகிறாள்.