வடிவு மந்தியின் சாணைக்கல்

மலையடிவாரத்து ஓடையோரம் ஒரு பெரிய நாவல் மரம். அதில் வடிவு என்ற மந்தி தனியாக வாழ்ந்துவந்தாள். அந்தக் காட்டில் கத்தி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். தேன் எடுக்க வந்தவர்கள் எப்போதோ தவறவிட்டுப் போன கத்தி அது. அவள் கணவன் சுடலைதான் அதைக் கண்டெடுத்தான். பிறகு ஓடை முழுக்கத் தேடி, நைசான ஒரு சாணைக்கல்லையும் கொண்டுவந்து சேர்த்தான்.

சுடலை இருந்தவரை அந்த மரத்தடி கலகலவென்று இருக்கும். பலாப்பழம் வெட்டவேண்டுமா? காலில் தைத்த முள்ளை எடுக்கவேண்டுமா? எல்லோரும் அங்கேதான் வருவார்கள். சுடலை கல்லின்மேல் தண்ணீர் தெளிப்பான். சரக், சரக் என்று கத்தியைத் தீட்டுவான். ஓர் இலையை எடுத்துக் கூர் பார்ப்பான். இலை சத்தமில்லாமல் இரண்டாக விழும். "முதல் சுளை யாருக்கு?" என்று கேட்பான். அடடா, அது ஒரு காலம்!

சுடலை இறந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. வடிவு தினமும் அந்தக் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கல்லின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்ப்பாள். "அவர் கை தேய்ச்ச பள்ளம்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அந்தப் பள்ளத்திலேயே கத்தியை நாலு இழுப்பு இழுத்துவிட்டு எடுத்துவைப்பாள். அவளுக்கு அது பூஜை மாதிரி.

கத்தியோ நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டே வந்தது. பலாப்பழத்தை வெட்டப் போனால் பழம் நசுங்கியது. ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். துக்கத்தில் இருப்பவளிடம் போய் உன் கத்தி மொட்டை என்று யார் சொல்வது?

ஒருநாள் காலையில் பேச்சி என்ற புள்ளிமான் பதறி ஓடிவந்தாள். அவள் குட்டி பின்னால் தள்ளாடி வந்தது.

"அக்கா! என் பிள்ளையக் காப்பாத்துங்க!"

குட்டியின் கழுத்தில் நைலான் கயிறு ஒன்று வளையமாகக் கிடந்தது. யாரோ காட்டில் எறிந்துவிட்டுப் போனது. பிறந்த புதிதில் குட்டி விளையாட்டாக அதில் தலையை விட்டிருக்கிறது. குட்டி வளர்ந்தது, கயிறு வளருமா? அது சதைக்குள் புதைந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குட்டிக்கு உள்ளே இறங்கவில்லை.

சுடலையின் பழைய சிநேகிதன் மூக்காண்டி என்ற நீர்நாய் ஓடையிலிருந்து ஏறிவந்தான்.

"நான் கடிச்சுப் பாத்துட்டேன், மதினி! கயித்துக்கு அடியில பல்லு நுழையல. கத்தி முனைதான் நுழையும்!"

வடிவு கத்தியைக் கயிற்றின்மேல் வைத்து அறுத்தாள். கத்தி வழுக்கியது. கயிறு அப்படியே இருந்தது. குட்டியின் தோல்தான் கீறியது. குட்டி அலறியது.

"இரு, நல்லாத் தீட்டிட்டு வாரேன்!"

பள்ளத்தில் வைத்து நூறு இழுப்பு இழுத்தாள். கத்தி முன்பைவிட மோசமானது. ஓடைப் பாறைக்கு ஓடினாள். அது கரடுமுரடான பாறை. கத்தியில் கீறல் விழுந்ததே தவிர, கூர் வரவில்லை.

மூக்காண்டி கத்தியை வாங்கிக் கல்லின்மேல் நீளவாக்கில் வைத்தான். கத்தியின் இரண்டு முனைகள் மட்டுமே கல்லில் பட்டன. நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"பாருங்க மதினி! உள்ள ஒரு எறும்பு குனியாமப் போகும்! கல்லு இப்படிக் குழிஞ்சு கெடந்தா கத்திக்குக் கூர் எப்படி வரும்? இதப் பாறையில போட்டுத் தேய்ச்சு மட்டமாக்கணும்!"

வடிவு கல்லைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"முடியாது! அவர் விட்டுட்டுப் போனது இந்தப் பள்ளம் ஒண்ணுதான்! அதையும் அழிக்கச் சொல்லுதியா? தீட்டுன மரத்துலயே கூர் பாக்குறியே! அவர் கையால எத்தனை சுளை தின்னுருப்ப!"

"தின்னேன் மதினி," என்றான் மூக்காண்டி.

அதுவரை அழுதுகொண்டிருந்த பேச்சி அழுகையை நிறுத்தினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. என் பிள்ளை இன்னும் போகல!"

வடிவு குட்டியைப் பார்த்தாள். அது நாக்கு வெளியே தள்ளப் படுத்துக்கிடந்தது. அவள் எழுந்தாள். பாறையில் மணலைக் கொட்டினாள், தண்ணீரை ஊற்றினாள். இடி விழுந்து கருகிய மரத்தில் ஒரு துண்டுக் கரியை உடைத்துக் கல்லின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டாள்.

"கோடு எதுக்கு, மதினி?"

"தேய்க்கையில கோடு அழிஞ்சா அது மேடு. அழியாம நின்னா அது பள்ளம். எல்லாக் கோடும் அழிஞ்சாத்தான் கல்லு மட்டம்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். கரி கையிலிருந்து நழுவியது.

இதை அவள் யாரிடம் பார்த்தாள்?

சுடலையிடம்தான்! ஒவ்வொரு வருஷமும் முதல் மழை விழுந்ததும் அவன் இப்படித்தான் கோடு போட்டு, முகமெல்லாம் கரி அப்பக் கல்லைத் தேய்ப்பான். "நல்ல கல்லக் கரைக்கீகளே, கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அவள் திட்டுவாள். "கல்லு மட்டமா இருந்தாத்தான் பிள்ள, கத்தி சொன்ன பேச்சு கேக்கும்!" என்று அவன் சிரிப்பான்.

அப்படியென்றால், அவன் இருந்தவரை அந்தக் கல்லில் பள்ளமே கிடையாது! இந்த மூன்று வருஷமாக அவளேதான் ஒரே இடத்தில் இழுத்து இழுத்து அதை உண்டாக்கியிருக்கிறாள். தான் போட்ட பள்ளத்தைத்தான் கணவன் கை என்று தடவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வடிவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"கிறுக்கு அவருக்கில்ல, எனக்குத்தான்! ஊத்து மூக்காண்டி, தண்ணிய ஊத்து!"

கறுப்புத் தண்ணீர் பாறையில் வழிந்தது. ஓரத்துக் கோடுகள் முதலில் போயின. நடுவில் இருந்தவை கடைசிவரை பிடிவாதமாக நின்றன. உச்சி வெயில் ஏறியபோது அவையும் போய்விட்டன. பிறகு கத்தி. இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு என்று சாய்வு மாறாமல் தீட்டினாள். ஓர் இலையை எடுத்துக் கூர் பார்த்தாள். இலை சத்தமில்லாமல் இரண்டாக விழுந்தது.

"பிள்ளைய அசையாமப் பிடி, பேச்சி!"

கத்தி முனையைக் கயிற்றுக்கு அடியில் படுக்கையாக நுழைத்தாள். கூர் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பினாள். ஒரே ஒரு இழுப்பு. டப்பென்று கயிறு அறுந்தது!

குட்டி ஓடையில் வாயை வைத்தது. குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பேச்சி அதன் கழுத்தை நக்கிக்கொண்டு நின்றாள்.

வடிவு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் முகமெல்லாம் கரி அப்பியிருந்தது. மூக்காண்டி அவளையே பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"மதினி! இப்போ நீங்க அச்சு அசல் எங்க சுடலை அண்ணன் மாதிரியே இருக்கீக!"

நம்மை விட்டுப் போனவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை, அவர்கள் செய்துவந்த நல்ல வேலையை விடாமல் செய்வதே.