மூவரும் தள்ளிவிட்ட விருது

இது நான் நேரில் கண்டதல்ல. அந்த விடுதியில் தங்கிப் படித்த ஓர் அக்கா சொன்னது. அவரும் பாதியைக் கேட்டுத்தான் சொன்னார். எனக்கு உறுதி இல்லாத இடங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். அங்கே மாணவர் பேரவைத் தலைவர் என்றால் ஆண்தான். துணைத் தலைவர் பதவியை மட்டும் போட்டியின்றி ஒரு பெண்ணுக்குக் கொடுப்பார்கள். விழா நாளில் பட்டுப்புடவை கட்டி வாசலில் பன்னீர் தெளிப்பதும், விருந்தினருக்குப் போர்த்தும் சால்வையைத் தட்டில் ஏந்தி நிற்பதும் அவள் வேலை. இதை மாற்றியே தீருவது என்று கிளம்பினாள் ஜெஸிந்தா, வரலாற்று முதுகலை மாணவி. தலைவர் பதவிக்கு நிறுத்த அவள் தேர்ந்தது தன் அறைத்தோழி மாரீஸ்வரியை. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவளுக்கு.

“போடி, எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு” என்றாள் மாரீஸ்வரி.

“யாரு போய்ச் சொல்லப் போறா? நானா?”

மாரீஸ்வரி நின்றாள். வென்றாள். ஜெஸிந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் ஊர்களில் காதுகுத்துக்குப் பேனர், பத்தாவது தேறினால் பேனர். பல்கலைக்கழகத்துக்கே தலைவியானவளுக்கு இல்லாமலா? மாரீஸ்வரியிடம் மூச்சுவிடாமல், அவள் ஊர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேனர் கட்ட ஏற்பாடு செய்தாள். நடுவில் மாரீஸ்வரி, ஆளுயரத்துக்கு. கீழே, எல்லாப் பேனரிலும் இருப்பதுபோல, ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். தேர்தலில் அவளுக்காக அலைந்த பையன்களின் முகங்கள்.

காலையில் அங்கே டீ குடிக்க வந்த மாரீஸ்வரியின் அப்பாவை ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: “என்ன மாமா, இதுல மருமகன் எவன்?”

அன்று மாலை அப்பா விடுதி வாசலில் நின்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. “பெட்டியை எடு” என்றார். அவ்வளவுதான்.

மறுதேர்தல் அறிவித்தார்கள். ஒரு பெண்ணும் முன்வரவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் ஜெஸிந்தாவுக்கு நா எழவில்லை. அப்போதுதான் அதே விடுதியில் இருந்த முதலாண்டு மாணவி ஸபூராவுக்கு ஓர் அழைப்பு வந்தது. சித்தியின் போனிலிருந்து, குளியலறைக்குள் நின்றுகொண்டு, மாரீஸ்வரி பேசினாள்.

“எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்லா? மொதல்ல உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு. அவங்க சரின்னா நில்லு. இல்லைன்னா உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.”

ஸபூராவின் அம்மா சரி என்றார். எங்கே நிறுத்திப் பேச வேண்டும், கேலி செய்தால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் மாரீஸ்வரி போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். ஸபூரா வென்றாள். அடுத்த விழாவில் வாசலில் பன்னீர் தெளித்தது இரண்டு பையன்கள்.

போன் விஷயம் மாரீஸ்வரியின் வீட்டில் தெரிந்துவிட்டது. கடைசி அழைப்பு ஜெஸிந்தாவுக்கு வந்தது.

“ஜெசி, போனைப் பிடுங்கப் போறாங்க. இனிமே என் பேரு எவன் வாயிலயும் வரலைன்னா, பேப்பர்ல வரலைன்னா, பரீட்சைக்கு அனுப்புறேன்னு அப்பா சொல்லிட்டாரு. வந்துச்சுன்னா கல்யாணந்தான். பாத்துக்கடி.”

“வராதுடி. சத்தியமா வராது.”

தேர்வுக்கு முந்திய மாதம் பல்கலைக்கழகம் மகளிர் தலைமை விருதை அறிவித்தது. பதவியில் இருப்பவருக்கான விருது அல்ல அது. இன்னொரு பெண்ணைத் தலைமைக்குக் கொண்டுவந்த மாணவிக்கு உரியது. பெறுபவரின் பெயரும் படமும் செய்தித்தாளில் வரும். விருதுக் குழுவின் தலைவர் பேராசிரியர் சௌந்தரவல்லி, ஜெஸிந்தாவையும் ஸபூராவையும் அழைத்தார்.

“எனக்கு வேண்டாம் மேடம். என்னை நிக்க வெச்சது மாரீஸ்வரி அக்கா. அவங்களுக்குத்தான் கொடுக்கணும்” என்றாள் ஸபூரா.

“அவ பேரை மட்டும் எழுதிராதீங்க” என்று பதறினாள் ஜெஸிந்தா. காரணத்தையும் சொன்னாள்.

“அப்ப நீ வாங்கிக்கோ. ஆரம்பிச்சது நீதானே?”

“நான் கட்டின பேனரால ஒருத்தி படிப்பு நிக்குது மேடம். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மேடை ஏறுவேன்?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. வாங்க ஆளில்லைன்னா இந்த விருதை இந்த வருஷத்தோட எடுத்துடுவாங்க. அதுக்குன்னே காத்துக்கிட்டிருக்காங்க.”

ஜெஸிந்தா ஒவ்வொரு வழியாக எண்ணிப் பார்த்தாள். மாரீஸ்வரி பெயரைச் சொன்னால் சத்தியம் தவறும். தான் வாங்கினால் உரியவளின் பெருமையைத் திருடியதாகும். யாரும் வாங்காவிட்டால் பின்னால் வரும் பெண்களுக்கு அதுவும் இல்லை.

வாசிப்பவர்களே, இந்த மூவரில் விருது யாருக்கு உரியது? அதை யார் கையில் கொடுப்பது சரி?

விடை: ஸபூரா தலைவியானாள், ஆனால் வேறு யாரையும் தலைவியாக்கவில்லை. ஜெஸிந்தா ஒருத்தியை முன்னே நிறுத்தினாள். ஆனால் ஆபத்து அந்தப் பெண்ணுக்கு என்று தெரிந்தும் அவளைக் கேட்காமல் பேனர் கட்டினாள். நடந்ததையெல்லாம் சொல்லி, சம்மதம் கேட்டு, தனக்கு வரும் கேட்டையும் அறிந்து இன்னொருத்தியை நிறுத்தியவள் மாரீஸ்வரி. விருது அவளுடையது. ஆனால் அவள் வேண்டாம் என்ற பிறகு அவள் பெயரை அறிவிப்பது, இன்னொரு பேனர் கட்டுவதற்குச் சமம். ஆகவே ஜெஸிந்தாதான் வாங்க வேண்டும், தகுதி இல்லை என்று தெரிந்தே, காரணம் சொல்லாமல். அப்படித்தான் வாங்கினாள். ஏற்புரை கேட்டபோது தலையை அசைத்துவிட்டு இறங்கினாள். “நன்றின்னு ஒரு வார்த்தை வருதா பாரு, என்ன திமிரு” என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

மாரீஸ்வரியின் பெயர் எங்கும் வரவில்லை. அவளுடைய தேர்வு அறையில் எழுதிய இருவரை நான் பின்னர் தேடி விசாரித்தேன். முதல் நாளும் கடைசி நாளும் அவள் மேசை காலியாகவே இருந்தது என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள்.