பிரளயப் படகில் எத்தனை பேர்

"டீச்சர், பிரளயத்துல தப்பிச்ச படகுல மொத்தம் எத்தனை பேரு இருந்தாங்க?"

சாரத்தின் மேல் நின்றபடி கோமதிநாயகம் கேட்டார்.

கீழே சாந்து குழைத்துக்கொண்டிருந்த செண்பகவடிவு நிமிரவில்லை. "எந்த ஊர்ப் பிரளயத்துல?" என்றாள்.

"அதைத்தான் கேக்கேன்."

நூலகத்தின் பெரிய சுவரில் உலகத்துக் கதைகளை ஓவியமாகத் தீட்டுகிற வேலை அது. வானத்தைத் தாங்கும் மரம் வந்துவிட்டது. பூமியைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு வந்துவிட்டது. செத்தவர்களின் நாட்டுக்கு இறங்கிப் போகிறவளும் வந்துவிட்டாள். பாக்கி பிரளயம்தான். அதைத் தன் மாணவரிடம் கொடுத்திருந்தாள் செண்பகவடிவு.

மாணவர் அவளைவிட மூத்தவர். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு தூரிகை பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தார். கை நன்றாகவே வந்தது. மனசு மட்டும் இன்னும் பிழையைத் தேடிக்கொண்டிருந்தது.

சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் வைத்துவிட வேண்டும். சுவர் அதைக் குடித்துக்கொள்ளும். காய்ந்தபின் வைத்தால் உதிர்ந்து போகும்.

கோமதிநாயகத்துக்குப் படகு வரைந்ததும் சந்தேகம் வந்துவிடும். ஏணியில் இறங்கி அலமாரிக்கு ஓடுவார். ஒரு புத்தகம் ஒன்று சொல்லும், அடுத்தது வேறு சொல்லும். மூன்றாவதைத் தேடுவார். திரும்பி வரும்போது சாந்து காய்ந்திருக்கும். அவள் அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவாள்.

நேற்றும் அதுதான் நடந்தது. முந்தாநாளும் அதுதான்.

இன்று அதற்கு வழியில்லை. மாதக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. பானையின் அடியில் கிடந்ததை வழித்துத்தான் அவள் குழைத்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் சாரம் பிரிக்க ஆட்கள் வருகிறார்கள். இந்தச் சாந்தும் வீணானால் அந்த இடம் வெறும் வெள்ளையாகவே நிற்கும். வாசிக்க வருகிறவர்களெல்லாம் அதைப் பார்ப்பார்கள்.



அவள் ஏறிவந்து பூசினாள். "தொடங்குங்க அண்ணாச்சி," என்றுவிட்டு இறங்கினாள்.

காவியில் படகு வரைந்தார். அழகான படகு. அதோடு கை நின்றுவிட்டது.

"நம்ம கதையில மீன் படகை இழுத்துட்டுப் போவுது டீச்சர். இன்னொரு நாட்டுல பறவையைப் பறக்க விடுதாங்க. ஒரு எடத்துல படகே இல்ல, மரத்துல ஏறித் தப்பிக்காங்க. எதை வச்சாலும் மத்தவன் தப்புன்னு சொல்லுவாம்லா?"

"சொல்லுவான்."

"பேரு கெட்டுப் போயிருமே."

"யாரு பேரு?"

அவர் சாந்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் முன்போல ஒட்டவில்லை.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு ஓடி வந்துருதேன். வடக்கு அலமாரிதான். எந்தத் தட்டுன்னுகூடத் தெரியும்."

கால் ஏணியைத் துழாவியது. ஏணி இல்லை.

செண்பகவடிவு அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்! என்ன செய்யுதீய?"

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காயுது டீச்சர்! ஓரமெல்லாம் வெளுக்குது!"

"வெளுக்கத்தான் செய்யும்."

"எத்தனை பேருன்னு மட்டும் சொல்லிருங்க. நீங்க எல்லாத்தையும் படிச்சவியதான? ஒரு எண்ணிக்கை சொல்லுங்க, போதும். நான் வரஞ்சிருதேன்."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தப்பை மட்டுமே பார்த்த மனிதர், தன் தப்பை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

அவள் எழுந்து வந்து சாரத்தின் அடியில் நின்றாள். அண்ணாந்து அந்தக் காலிப் படகைப் பார்த்தாள்.

"தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி. கரையில சனங்க நிக்காங்க. யாரை ஏத்தப் போறீய?"

கோமதிநாயகம் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

படகைச் சுற்றி நாலாபக்கமும் வெறுமையாக, இன்னும் ஈரமாக இருந்தது.

"கயிறு," என்றார். "மொதல்ல ஒரு கயிறு வீசணும்."

தூரிகையைக் கரிக் குழம்பில் முக்கினார்.