சொறிமீன் குடையின் கீழே

மன்னார் வளைகுடாவில், ஒரு பவளத்திட்டுக்கு அப்பால், கூனி இறால் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. ஒவ்வொன்றும் விரல் நக அளவுதான். உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். கண்கள் மட்டும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

அவற்றுக்கு எமன் நெத்திலி மீன்கள்தான். பகலில் மேலே வந்தால் போதும், வாயைத் திறந்துகொண்டு பாய்ந்து வரும். அதனால் கூனிகள் பகலெல்லாம் இருண்ட ஆழத்தில் பட்டினி கிடந்தன. தின்னக்கூடிய பாசித் துகள்களோ வெயில் படும் மேல்நீரில்தான் மிதந்தன.

ஒருநாள் நீரோட்டத்தோடு ஒரு பெரிய சொறிமீன் வந்தது. குடை போன்ற உடம்பு, அதன் கீழே நூல் நூலாகத் தொங்கும் கைகள். அதைக் கண்டதும் நெத்திலிகள் விலகி ஓடின.

கூட்டத்துக்கு முன்னால் போகும் மினுக்கி இதைப் பார்த்தாள். துணிந்து அருகே போய், எங்களை ஏதாவது செய்வீர்களா என்று கேட்டாள்.

"எனக்கு யார்மேலும் பகை இல்லை. யாரையும் துரத்தியதும் இல்லை" என்றது சொறிமீன். அது சொன்னது பொய்யில்லை.

மினுக்கிக்கு அது போதுமாக இருந்தது. கூட்டத்தையே அழைத்து வந்து குடையின் கீழ் குடியேற்றினாள். கூனிகள் வயிறு நிறையத் தின்றன.

அவளுடைய தங்கை கருவிழிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஓரத்தில் மேயப் போன சிலர் திரும்பி வரவில்லை என்று அக்காவிடம் சொன்னாள். நீரோட்டம் இழுத்துப் போயிருக்கும் என்றாள் மினுக்கி. நெத்திலிக்கு இரையானவர்கள் இதைவிட அதிகம் என்றும் சொன்னாள்.

அதற்குள் மேலும் பல சொறிமீன்கள் வந்து சேர்ந்தன. குடைகள் ஒன்றோடொன்று உரசின. நூல்கள் நாலாபுறமும் திரைபோலத் தொங்கின. கருவிழி பெரிய சொறிமீனிடமே போனாள்.

"நீங்கள் எதைத் தின்பீர்கள்?"

"என்மேல் படுவதை."

"பட்டது யார் என்று பார்க்க மாட்டீர்களா?"

"பார்த்துப் பழக்கமில்லை" என்றது அது, அதே அமைதியான குரலில்.

செய்தி பரவியதும் கூட்டம் கலைந்தது. பயந்து துள்ளிய கூனிகள் நூல்களில் போய் மோதின. மோதியவை மரத்துப்போய், அப்படியே மேலே இழுக்கப்பட்டன. நூல்கள் ஆட ஆட இடைவெளி குறைந்தது.

தங்கையைத் தேடி வந்த மினுக்கியின் வாலிலும் ஒரு நூல் ஒட்டிக்கொண்டது. தீப்பட்டது போல எரிந்தது. ஒரு தடவை உதறினாள். பக்கத்து நூல்களெல்லாம் கருவிழியை நோக்கி ஆடின. உடனே உதறுவதை நிறுத்திவிட்டாள்.

"யாரும் நீந்தாதீர்கள்" என்றாள். "காலை மடக்கிக்கொண்டு கல் மாதிரி கீழே விழுங்கள். நூல்களுக்கு நடுவே வழி இருக்கிறது."

"நீ, அக்கா?"

"நான் அசைந்தால் இந்த நூலும் அசையும். நீ போ."

கருவிழி கால்களை மடக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் மடக்கினார்கள். இருபுறமும் நூல்கள் தொங்க, மயிரிழை இடைவெளியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மேலே மினுக்கி கடைசிவரை துடிக்கவே இல்லை.

கூட்டத்தில் பாதிதான் ஆழம் வந்து சேர்ந்தது. கருவிழி அண்ணாந்து பார்த்தாள். குடைகள் வெயிலில் மினுங்கியபடி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தன. அவள் மெதுவாகத் திரும்பி, அக்கா எப்போதும் நிற்கும் இடத்தில், கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

நம்மைத் துரத்தி வரவில்லை என்பதற்காகவே ஒன்று நமக்குத் தீங்கு செய்யாது என்று நம்பி, அதன் நிழலில் குடியேறிவிடக் கூடாது.