நாரைகள் முறை வைத்து முன்னால் பறப்பது ஏன்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பங்குக் கோயிலில் இருந்த ஃபிலோமினா சிஸ்டர். என் மூத்த மகள் ஆறாம் வகுப்பில் கிரேக்க வரலாற்றுப் பாடம் மண்டையில் ஏறாமல் அழுத வருஷம் அது.

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் பேச்சு இருந்தபோது, கிரேக்க தேசத்தில் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்று இரண்டு நகரங்கள். ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டு ஊர் நாரைகளும் அந்தந்த ஊர் மனிதரைப் பார்த்தே வளர்ந்தன.

ஏதென்ஸ் நாரைகள் எதற்கும் பாறைமேல் கூடிப் பேசி, இறக்கை தூக்கி வாக்களிக்கும். தலைமை சீட்டுக் குலுக்கி மாறி மாறி வரும். ஆனால் பெண் நாரை அங்கே வாய் திறக்கக் கூடாது. ஸ்பார்ட்டாவில் பெண்ணும் ஆணுக்குச் சமமாகப் பயிற்சி எடுப்பாள், முகத்துக்கு நேரே பேசுவாள். ஆனால் முன்னால் நின்றவன் சாகும்வரை இடத்தை விடக் கூடாது. இரண்டு கூட்டமுமே மீன் பிடித்துத் தரச் சிறு பறவைகளை அடிமையாக வைத்திருந்தன. சிஸ்டர் அதையும் மறைக்கவில்லை.

ஒரு வருஷம் குளிர் முந்திக்கொண்டது. ஏதென்ஸ் கூட்டம் பேசிப் பேசித் தாமதித்தது. ஸ்பார்ட்டா கூட்டம் திருவிழா முடியட்டும் என்று தாமதித்தது. கடைசியில் இரண்டும் ஒரே நாளில் எகிப்துக்குக் கடல்மேல் கிளம்பின.

"என்ன அக்கா, உங்க வீட்டு ஆம்பளைங்க பறக்கிறப்பவும் கூட்டம் போடுவாங்களா?" என்று கேலி செய்தாள் ஸ்பார்ட்டாக்காரி கோர்கா.

ஏதென்ஸ் நாரை நெய்ரா பக்கத்தில் பறந்த தன் குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குஞ்சுக்கு அதுதான் முதல் பயணம். எதிர்க்காற்றில் அதன் இறக்கை தொய்ந்தது. தன் கூட்டமோ இடமா வலமா என்று வாக்கெடுத்துச் சிதறிக் கிடந்தது. ஸ்பார்ட்டா வரிசைக்குப் பின்னால் காற்று குறைவாக இருந்ததால், குஞ்சோடு அங்கே போய் ஒட்டிக்கொண்டாள்.

வரிசையின் முன்னால் தோராக்ஸ். காற்று முழுவதும் அவன் நெஞ்சில். அவன் சோர்ந்து தாழத் தாழ, மொத்த வரிசையும் கலையாமல் அவனோடு அலைகளை நோக்கி இறங்கியது. குஞ்சின் காலில் கடல் தண்ணீர் பட்டது.

"அண்ணா, பின்னால வாங்க!" என்று கத்திவிட்டாள் நெய்ரா.

"பொம்பளைக்கு என்ன பேச்சு?" என்றான் தூரத்திலிருந்து அவள் கணவன்.

"முன்னால நின்னவன் பின்வாங்குறது எங்க ஊர்ல கிடையாது, தங்கச்சி" என்று மூச்சிரைத்தான் தோராக்ஸ்.

"யார் பின்வாங்கச் சொன்னது? கொஞ்சம் இளைப்பாறுங்க. எங்க ஊர்ல தலைமை கைமாறிட்டேதான் இருக்கும், அதுல வெட்கம் இல்ல."

"அவ சொல்றது சரிடா, நகரு!" என்றாள் கோர்கா.

தோராக்ஸ் நகர்ந்தான். நெய்ரா முன்னால் போனாள். வரிசை மேலே எழுந்தது. அவள் களைத்துக் குரல் கொடுத்ததும் கோர்கா வந்தாள். இதைப் பார்த்த ஏதென்ஸ்காரர்கள் வாக்கெடுப்பை விட்டுவிட்டு வரிசையில் சேர்ந்தார்கள். நெய்ரா கூப்பிட்டதும் அவள் கணவனும் முன்னால் போனான்.

விடிந்தபோது கீழே மணல் தெரிந்தது. ஒருவர்கூடக் குறையவில்லை.

"அம்மா, பசிக்குது" என்றது குஞ்சு. அதைக் கேட்டு நெய்ரா அழுதுகொண்டே சிரித்தாள். கடவுளே, அந்த ஒரு வார்த்தை தாய்க்கு எவ்வளவு பெரியது!

அன்று முதல்தான் நாரைகள் வரிசை கட்டி, முன்னிடத்தை மாற்றிக்கொண்டு, ஒன்றையொன்று கூப்பிட்டபடியே பறக்கின்றன.

உங்கள் வீட்டில் முன்னால் நின்று எதிர்க்காற்றைத் தாங்குகிறவர் யாரோ, இன்றைக்கு அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.